கோமதியைத் தேடாத ஊர்

கோமதி இறந்த செய்தி என் காது வழியாகத்தான் நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் வந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து டிரங்க் கால் கேட்டார்கள், அவள் ஊர்ப் பக்கத்து ஸ்டேஷனுக்கு. லைனைச் சேர்த்துக் கொடுத்தேன்.

"உப்பளத்துக்குப் பின்னால உடமரக் காட்டுல ஒரு பொண்ணு செத்துக் கெடக்கு. டெலிபோன்ல வேல பாத்த பிள்ளதான். அப்பாவ வரச் சொல்லுங்க."

"அவரு எங்க வரப் போறாரு? மக ஓடிப்போயிட்டான்னு அப்பவே ஆத்துல தலைமுழுகிட்டாருல்லா!"

என் பக்கத்து நாற்காலிதான் அவளுடையது.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும். ஒருமுறை துறைமுகத்து ஏஜென்ட் ஒருவர், "ஏளா, தூங்குதியா? கொழும்புக்கு லைன் கேட்டு எம்புட்டு நேரமாச்சு?" என்று கத்தினார். "நான் முழிச்சுத்தான் இருக்கேன் அண்ணாச்சி. கொழும்புலயும் ஒருத்தர் முழிச்சிருக்கணும்லா?" என்றாள். அவரே சிரித்துவிட்டார்.

விளாத்திகுளத்திலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிட்டது நினைவிருக்கிறதா? பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். புருஷன் தோணியில் கொச்சிக்குப் போயிருந்தான். கொச்சியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கேன்சல் பண்ணிவிடு என்றேன். டியூட்டி முடிந்தும் கோமதி எழுந்திருக்கவில்லை. "எடுக்கலன்னா ஆளே இல்லன்னு அர்த்தமாக்கா? இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்" என்றாள். போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் அந்த மனிதனைப் பிடித்தும் கொடுத்தாள்.

அப்படிப்பட்டவளை ஒரு தடவைகூட யாரும் தேடவில்லை. மாலை டியூட்டி முடிந்து பஸ் ஏறப் போனவள் மறுநாள் வரவில்லை. நான் ஸ்டேஷனுக்குப் போனேன். "சினிமாக் கொட்டகையில பாத்தியளா டீச்சர்?" என்று ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லும் பொறுமைகூட இல்லாமல் நானும் திரும்பி வந்துவிட்டேன். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை அவள் வேண்டாம் என்றிருந்தாள். ஊருக்கு அது போதும். யாரோடு ஓடினாள் என்பதுதான் தெரியவில்லை, ஓடியது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா தாமிரபரணியில் முங்கி எழுந்து, எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டார்.

கொன்றவன் பிடிபட்டான். கோமதிக்கு முன்னால் இன்னும் இரண்டு பெண்களைக் கொன்று புதைத்த இடங்களையும் அவனே காட்டினான். அந்த இரண்டு வீட்டிலும் பெண் ஓடிப்போனதாகச் சொல்லித் தலைமுழுகியிருந்தார்கள். பயமே இல்லையா என்று கேட்டதற்கு, "முந்தின ரெண்டு பேரையும் யாரும் தேடலையே" என்றானாம். அவனுக்குத் தூக்கு கிடைக்கட்டும். ஆனால் அவன் சொன்ன இந்த ஒரு வார்த்தைக்கு யாரைத் தூக்கில் போடுவது?

அப்பா வந்தார். பிணவறைக்குள் வரவில்லை, வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றார். "உள்ள வாங்கய்யா" என்றேன்.

"ஒரு தடவ முழுகியாச்சு தாயி. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த ஆத்துல எறங்குவேன்?"

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. நாம்தான் கையெழுத்துப் போட்டு அவளை வாங்கினோம். லைன்மேன் சுப்பையா அண்ணாச்சி கொள்ளி வைத்தார்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வேலைக்கு வரவில்லை. சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் நான் அவள் ஊரான மாப்பிள்ளையூரணிக்குப் பஸ் ஏறிவிட்டேன். காய்ச்சலில் படுத்திருந்தாள். அவள் அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் எரிச்சல்.

"ஒருநா லீவு போட்டதுக்கு வீடு வரைக்குமா தேடி வருவிய?"

"ஆமாம்மா, வருவேன்" என்றேன். கோமதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.