எட்டாவது நட்டில் இருந்த கம்பி

தாயத்து கட்டிய வண்டியும் என் கடைக்கு வரும், தினமும் எலுமிச்சம்பழம் நசுக்குகிற வண்டியும் வரும். இரண்டுமே பிரேக் பிடிக்காமல்தான் வரும். அதனால் யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுகிற ஆள் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

செஞ்சியில், திண்டிவனம் சாலையில், நானும் தம்பி அன்வரும் மெக்கானிக் கடை வைத்திருந்தோம். பழைய கார் இன்ஜினைப் பிரித்தால் உள்ளே என்னென்னவோ இருக்கும். ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கப் போட்ட மஞ்சள்தூள், பேக்கிங்குக்குப் பதிலாகக் கல்யாணப் பத்திரிகை அட்டை, ஒரு வண்டியில் தேய்ந்த பேரிங்குக்கு அடியில் ஷேவிங் பிளேடு. அவசரத்துக்கு எவனோ செய்திருப்பான், வண்டியும் ஓடியிருக்கும். அன்வரும் அப்படித்தான், நட்டு கழலாமல் குத்துகிற பின் கிடைக்காத இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிவிடுவான். அவன் பீச்சாங்கைக்காரன், முறுக்கு எல்லோருக்கும் நேர்மாறாக விழும். அதற்காக நான் அவனைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதிய மறுநாளே நான் கடையைத் திறந்தேன். மேல்சித்தாமூர் சமண நைனார் ஒருவரின் டீசல் கார் பிரித்தபடி கிடந்தது. மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர அவருக்கு வண்டி வேண்டும். தனியாளாக அழுதுகொண்டே பூட்டினேன். உள்ளே எட்டு நட்டு, கழலாமல் இருக்க நட்டுக்கு ஒரு பின். எல்லாம் புதிது, நானே அன்றைக்குத்தான் பாக்கெட்டைப் பிரித்தேன். அடியில் ஆயில் தொட்டியை மூடி, வழக்கம்போல ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயின்டில் கோடு இழுத்தேன். வேறு எவனாவது கழற்றினால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு வாரம் கழித்து, அந்த வண்டியைப் பூட்டிய அன்று போட்டிருந்த சட்டையின் பையில் புதுப் பின் ஒன்று இருந்தது. அது இல்லாவிட்டால் ஓட்டத்தில் நட்டு கழன்று இன்ஜின் உடைந்து நடுரோட்டில் நிற்கும். பின்னால் லாரி வந்தால் அவ்வளவுதான். உடனே நைனாருக்குப் போன் செய்திருக்க வேண்டும். வெட்கம், தொழிலில் பேர் கெட்டுவிடுமே என்ற பயம். வேறு வண்டிப் பின்னாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தக் கார் பேத்தியோடு கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

போன தை மாதம் வண்டி புகை கக்குகிறது என்று நைனாரே கொண்டுவந்து விட்டார். நடுவில் வேறெங்கும் வேலைக்கு விட்டதில்லை என்றார். அடியில் படுத்துப் பார்த்தேன், ஒரு மஞ்சள் கோடும் விலகவில்லை. தொட்டியை இறக்கினேன். ஏழு நட்டில் நான் போட்ட பின். எட்டாவதில் செம்புக் கம்பி, நேர்மாறான முறுக்கு. பட்டப்பகல், ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கிறது. நம்பினால் நம்புங்கள், அது அன்வரின் முறுக்கு. அன்றைய அழுகையில் நானே கட்டியிருப்பேனோ என்று வேறொரு கம்பியை எடுத்து முறுக்கிப் பார்த்தேன். என் கைக்கு அந்த முறுக்கு வரவில்லை.

வெளியே வந்து நைனாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் காரைக் கை காட்டினார்.

"நாலு வருசமா பேத்திய வச்சிகினு ஓட்டிகினு இருக்கேன் பாய். ஒரு வார்த்த சொல்லலியே."

"தப்புதான் நைனாரே. இப்பவே புது பின் போட்டுர்றேன்."

"அந்தக் கம்பிய கழட்டாத," என்றார். "உன் பின்ன நான் நம்பமாட்டேன்."

மற்ற ஏழு பின்னையும் புதிதாக மாற்றினேன், கம்பியைத் தொடவில்லை. வண்டி இன்றைக்கும் ஓடுகிறது.

பின் விட்டுப்போனது அதுவரை எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அது அன்வருக்கும் தெரிந்திருக்கிறது என்றால், நான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததும் அவனுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவன் அடங்கியிருக்கிற கபருக்குப் போனால், இப்போதெல்லாம் தலைமாட்டில் நிற்க முடியவில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று துஆ செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.