ஆளுக்கு அஞ்சு லிட்டர்

எங்கள் வீட்டில் பாலைவனப் பேச்சு முதன்முதலாக எழுந்த அன்று வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 2009 கார்த்திகை. கடலூரில் நாங்கள் அப்போது குடியிருந்தது தாழ்வான தெரு. வருஷத்துக்கு ஒரு முறையாவது மழைத்தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வந்து, நாலு நாள் தங்கிவிட்டுத்தான் போகும். கட்டில் கால்களுக்குக் கீழே மூன்று மூன்று செங்கல் வைத்து, அதன்மேல் நானும் என் கணவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். கூடவே அரிசி டப்பா, மிக்சி, என் பள்ளிக்கூடத்து விடைத்தாள் கட்டு.

"ஒரு வாரம்," என்றார் அவர். "ஒரே ஒரு வாரம் தண்ணியே இல்லாத ஊர்ல போயி இருந்துட்டு வரணும்."

"ராஜஸ்தானுக்குப் போங்க," என்றேன். அடுப்புப் பற்றவைக்க வழியில்லாத எரிச்சலில் சொன்னது. ஆனால் அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருந்த என் தம்பிக்கு அங்கிருந்தே போன் போட்டு, "மச்சான், பைக்க எடுத்துக்கிட்டுப் பாலைவனம் போவலாமா?" என்று கேட்டார். என் தம்பி கேட்ட ஒரே கேள்வி, "எப்ப மாமா?"

தண்ணீர் வடிந்தது, பேச்சு வடியவில்லை. தை மாதத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரில் எங்கள் வீடு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் தம்பியின் கடை மாடி என்று முறை வைத்துத் திட்டம் போட்டார்கள். வண்டிகளை ரயிலில் ஏற்றி ஜோத்பூருக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கிருந்து ஜெய்சல்மேர். அதற்கப்புறம் ரோட்டை விட்டு இறங்கி, கிராமத்துக்குக் கிராமம் போகிற மணல் தடத்தில் நாலு நாள். பகலில் வண்டி, பொழுது சாய்ந்தால் கூடாரம். தம்பி நெட்டில் பார்த்துப் பார்த்து பிரிண்ட் எடுத்த வரைபடங்களை ஒட்டுப் போட்டுப் பாய் மாதிரி விரிப்பான். அவர் அதன்மேல் படுத்துக்கொண்டு விரலால் ஊர் ஊராகப் போவார். அந்த நாட்களில் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆனால் ஆண்பிள்ளைகளுக்குத் திட்டம் என்றால் வாய்ப்பேச்சுதான். எழுதி வைத்தவள் நான். இருநூறு பக்க நோட்டு ஒன்று போட்டு, எந்த ஊரில் கடைசி பெட்ரோல் பங்க், டியூப் எத்தனை, கிளட்ச் கேபிள் எத்தனை, காற்றடிக்கிற பம்ப், ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கப் பலகைத் துண்டு என்று எல்லாம் பத்தி பிரித்து எழுதினேன். நான் கணக்கு டீச்சர். பத்தி பிரிக்காமல் எனக்கு ஒரு காரியமும் ஓடாது. என் கணவருக்கு ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை. வருகிற சரக்கை லிஸ்டோடு ஒத்துப் பார்த்துச் சிவப்புப் பேனாவால் டிக் அடிக்கிற வேலை. வீட்டிலும் அதே பழக்கம். நான் எழுதி முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் வாங்கி, வரிக்கு வரி டிக் அடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒன்று முடிவாகிவிட்டது. "ரெண்டு வண்டி, ரெண்டு ஆளு. பின் சீட்டு முழுக்க சாமான்." என்னை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு, நானும் வரலாம் என்று யாருக்காவது முதலில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்கோ ஆசை தொண்டை வரைக்கும் நின்றது. பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரியைப் பார்த்து வளர்ந்தேன். வாழ்க்கைப்பட்டது கடல் இருக்கிற ஊரில். கண் எட்டும் தூரம் வரைக்கும் காய்ந்து கிடக்கிற ஓர் இடத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்று அவர்களைவிட எனக்குத்தான் ஆசை ஜாஸ்தி இருந்தது.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு, அவர் ஒரு நிமிஷம் யோசித்து, "உனக்குக் கஷ்டமா இருக்குமேம்மா" என்று அன்பாகச் சொல்லிவிட்டால்? அதைத் தாங்குகிற பொறுமை எனக்கில்லை. அதனால் கேட்கவில்லை, எழுதினேன். தண்ணீர் என்று தலைப்புப் போட்ட பக்கத்தில், ஒரு நாளைக்கு ஆளுக்கு அஞ்சு லிட்டர், மொத்தம் பதினஞ்சு லிட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். ரெண்டு ஆள் என்றால் பத்துதானே வர வேண்டும்? கேட்பார் என்று எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கு அஞ்சு, டிக். மொத்தம் பதினஞ்சு, டிக். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். புறப்படுகிற தேதியையும் என் அரையாண்டு விடுமுறையில் வருகிற மாதிரிதான் போட்டிருந்தேன். அதற்கும் டிக். அன்றைக்கு ரசத்தில் உப்பு கூடிப்போனதற்கு அதுதான் காரணம்.

மாசி, பங்குனியில் ஒத்திகை ஆரம்பித்தது. ஞாயிறு விடியலில் தேவனாம்பட்டினம் கடற்கரை. அலை வந்து போன ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் அவருடைய புல்லட்டும் தம்பியின் சின்ன பைக்கும் போவதும் வருவதுமாக இருக்கும். "மணல்னா இவ்ளோதான் மச்சான், சும்மா பயமுறுத்துறானுங்க," என்று இறங்குவார். நான் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பேன். ஈர மணலில் ஓட்டிப் பழகிவிட்டுப் பாலைவனத்துக்குத் தயார் என்று நினைத்தவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

உண்மையான ஒத்திகைக்கு ஆனி மாதம் கொள்ளிடத்தைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் அம்மா வீட்டுக்குத் தெற்கே ஆறு அகலமாகக் கிடக்கும். மேலே தண்ணீர் திறக்காத மாதங்களில் கரையிலிருந்து கரை வரைக்கும் வெறும் மணல்தான். ஒரு ராத்திரி அவர்கள் இருவரும் அங்கே கூடாரம் அடித்துத் தங்கிப் பார்ப்பது என்று ஏற்பாடு. சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, பகலெல்லாம் கூட இருந்துவிட்டு, ஆறரை மணிக்குக் கரை ரோட்டில் வருகிற டவுன் பஸ்ஸில் ஏறிச் சிதம்பரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட வேண்டியது என் பங்கு. இதுவும் நோட்டில் இருந்தது, என் கையெழுத்திலேயே.

ஆற்றுக்குள் இறங்கி நூறு அடி போவதற்குள் புல்லட்டின் பின்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. அவர் முறுக்க முறுக்க இன்னும் உள்ளே போனது. தம்பியின் வண்டி இலேசானது, டயரில் காற்றையும் குறைத்திருந்தான், அதனால் எப்படியோ நடு ஆறு வரைக்கும் போய்விட்டது. புல்லட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடாரச் சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். கூடாரம் எங்கே அடிப்பது என்ற பேச்சு வந்தபோது, நான் கொஞ்சமும் யோசிக்காமல் அங்கிருந்ததிலேயே உயரமான மணல் மேட்டைக் காட்டினேன். தம்பி, "கீழ அந்தப் பள்ளத்துல அடிக்கலாமேக்கா, நாணல் மறைப்பா இருக்கு," என்றான்.

"பள்ளத்துல எவனாவது குடி இருப்பானா? அறிவில்ல?" என்று சீறினேன். மூன்று பேருக்கும் அது நியாயமாகவே பட்டது. தண்ணீர் வந்தால் மேட்டுக்கு ஏறு என்பது எங்களுக்கெல்லாம் ரத்தத்தில் ஊறியது. கூடாரத்தை மேட்டின் உச்சியில் அடித்தோம். அதோடு விட்டேனா? சுற்றிலும் வாய்க்கால் வெட்டச் சொன்னேன், மழை பெய்தால் தண்ணீர் வடிய. துணிமணிகளையெல்லாம் பாலிதீன் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றினேன். ஆனி மாதத்து வெயிலில், சொட்டுத் தண்ணீர் இல்லாத ஆற்றின் நடுவில், பாலைவனப் பயணத்துக்கான ஒத்திகையில், நான் வெள்ளத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

அஞ்சரை மணிக்கு மேல்காற்று எழுந்தது. தம்பி குடத்தை எடுத்துக்கொண்டு கரையிலிருக்கும் அடிபம்புக்குப் போயிருந்தான். அவர் புல்லட்டுக்கு அடியில் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். நான் மேட்டில் இருந்தேன். முதலில் கூடாரம் உப்பியது. பிறகு ஒரு பக்கத்து முளைகள் மணலிலிருந்து சுலபமாகக் கழன்று வந்தன. பிடித்தேன், இழுத்துக்கொண்டு போனது, விட்டேன். மேட்டிலிருந்து உருண்டு, எழும்பி, மறுபடி உருண்டு, கிழக்கே பார்த்து ஓடத் தொடங்கியது.

அவர் "ஏய், ஏய்!" என்று கூடாரத்தைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். பத்து அடிக்கு ஒருமுறை கணுக்கால் வரை புதைந்து நின்றார். எனக்கு அழுகை வந்தது. கூடாரம் போனதற்கு இல்லை. இடத்தைக் காட்டியது நான். இனிமேல் நான் வாயைத் திறந்து கேட்டால்கூட, 'இவளை நம்பி எங்கே கூட்டிப் போவது' என்றுதானே நினைப்பார்கள்? அப்போதுதான் தம்பியின் பைக் கண்ணில் பட்டது. பலகைத் துண்டின்மேல் ஸ்டாண்டு போட்டு, சாவியோடு நின்றது.

கல்யாணத்துக்கு முன்னால் அதே தம்பியிடம் சண்டை போட்டுப் பிடுங்கி ஓட்டிப் பழகினவள் நான். அதற்கும் முன்னால், கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும், ஐப்பசி மழையில் வாய்க்கால் கரைச் சேற்றில் அப்பாவின் மொபெட்டை ஓட்டியிருக்கிறேன். சேற்றில் பிரேக் பிடிக்கக் கூடாது, காலை ஊன்றக் கூடாது, எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி உதைத்தேன். மணலும் சேறு மாதிரிதான் இருந்தது. வண்டி வாலை ஆட்டியது, நான் கண்டுகொள்ளவில்லை. அவரைக் கடந்து போகும்போது அவர் வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன்.

கூடாரம் ஒரு சீமைக்கருவைப் புதரில் போய் மாட்டியிருந்தது. இறுகிய மண் திட்டு ஒன்றில் வண்டியை நிறுத்தி, அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அவர் நடு மணலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போனபிறகுதான் தெரிந்தது, அங்கே நிறுத்தினால் புதைந்துவிடுவேன். அதனால் அவரைச் சுற்றி வட்டம் அடித்தேன்.

"நீ எப்ப இதெல்லாம் கத்துக்கிட்ட?" என்று கத்தினார்.

அடுத்த சுற்றில் பதில் சொன்னேன். "அத விடுங்க! நானும் வரணும்!"

"எங்க?"

"ராஜஸ்தானுக்கு!"

அடுத்த சுற்றில், "உனக்கு லீவு கெடைக்காதே?" என்றார். ஆறு மாதக் கோபம் மொத்தமும் எனக்கு அப்போதுதான் வந்தது.

"அரையாண்டு லீவுலதான் தேதியே போட்டிருக்கேன்! நீங்கதான டிக் அடிச்சீங்க?" ஒரு சுற்று. "தண்ணி பதினஞ்சு லிட்டர், அதுக்கும் டிக் அடிச்சீங்க!" இன்னொரு சுற்று. "ஆளுக்கு அஞ்சு! வகுத்துப் பாருங்க, எத்தன பேரு?"

அவர் நின்ற இடத்திலேயே நின்று, என்னோடு கூடவே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோரில் ஆயிரம் பெட்டிச் சரக்கை ஒத்துப் பார்க்கிற மனிதர், அஞ்சாம் வாய்ப்பாட்டை விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்தேன். எண்ணி முடித்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சங்கடப்பட்டார், நிஜமாகவே. அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டு இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"மூணு," என்றார்.

"கேக்கல!"

"மூணு பேரு! நீயும் வர்ற! நிறுத்தாத, நிறுத்தாத, மாட்டிக்குவ!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் கை தளர்ந்து, சொன்ன மாதிரியே வண்டி நின்று, சக்கரம் இறங்கிவிட்டது. அவர் வந்து மடியிலிருந்த கூடாரத்தை வாங்கிக்கொண்டார். "ஆரம்பத்துலயே வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?" என்றார். கேட்டிருக்கலாம்தான். அதையும் ஒப்புக்கொண்டேன். கூடாரத்தைப் பள்ளத்தில், நாணல் மறைவில் அடித்தோம். வாய்க்கால் வெட்டவில்லை.

தம்பி தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தன் வண்டி புதைந்து கிடப்பதையும், கூடாரம் இடம் மாறியிருப்பதையும் பார்த்தான். ஒன்றும் புரியாமல், "அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு," என்றான்.

என் கணவர் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார். "அவ இங்கதான் தங்கப் போறா மச்சான். அந்தப் பஸ்ஸுல நீ போயி மூணு பேருக்கு டிபன் வாங்கிட்டு வா."