எண்ணெய்த் துணி

கண்மணியை யாராவது "பாவம், அப்பிராணி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலிபோர்னியாவின் சான் ரமோனில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவளுடையது. கோபிச்செட்டிபாளையத்துக்காரி. டேகேர் என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலை. கூட வேலை செய்யும் மெக்ஸிகோப் பெண்களோடு சேர்ந்து குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டபடியே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவள். வருஷக்கணக்கில் கம்ப்யூட்டர் தட்டும் ஷ்யாமளாவாகிய எனக்கு அதில் வணக்கம் சொல்லும் 'ஓலா'வுக்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. அப்புறம் யார் அப்பிராணி?

அவள் புருஷன் வெள்ளியங்கிரி. ஆபீஸில் பரம சாது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் எல்லோருக்கும் ஓடியோடித் தட்டு எடுத்துக் கொடுப்பான். கார் நிறுத்தும் கராஜில் மரவேலை செய்வது அவன் பொழுதுபோக்கு. வால்நட் பலகையில் அவன் செய்துகொண்டிருந்த டைனிங் டேபிளைப் பார்த்து என் வீட்டுக்காரரே வாயைப் பிளந்தார். மரத்தின் மேல் வைத்தால் நல்ல கை. பெண்டாட்டி மேல் வைத்தால் வேறு கை. ஜூலை வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை போட்டது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

பாஸ்போர்ட்டில் விசா முத்திரை குத்தும் ஸ்டாம்பிங்குக்கு ஊருக்குப் போகாமல் நம் ஆட்கள் மெக்ஸிகோவுக்கு ஓடிய காலம் ஒன்று இருந்ததே, அப்போது இவர்களும் எல்லையோர ஊரான டிஹுவானா போனார்கள். இன்டர்வியூ முடிந்து பாஸ்போர்ட்டுக்காகக் காத்துக்கிடந்தபோது, ஹோட்டல் வரவேற்பறையில் இருந்த மேஜையின் பளபளப்பு வெள்ளியங்கிரியின் கண்ணில் பட்டுவிட்டது. என்ன பூசினார்கள் என்று விசாரித்துக்கொண்டு, கண்மணியையும் இழுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனான்.

வார்னிஷும் மெழுகும் உப்புத்தாளும் கூரை வரை அடுக்கிய சின்னக் கடை. நடத்துகிறவள் கண்மணி வயதுப் பெண். அவன் தமிழில் கேட்பான், கண்மணி அதையே ஸ்பானிஷில் கேட்பாள். ஆளிவிதை எண்ணெய் டின்னும் மெழுகும் வாங்கிப் பணமும் கொடுத்தாயிற்று. டின்னைப் பையில் வைக்கும்போது அந்தப் பெண் நிறுத்தி ஒரு விஷயம் சொன்னாள். இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்கவே கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட வேண்டும். தன் மாமாவின் பட்டறை அப்படித்தான் எரிந்தது என்றாள். கண்மணி திருப்பித் திருப்பிக் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டாள். போகிற நேரத்தில் இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தும்விட்டார்கள்.

"என்ன புள்ள, என்னையப் பத்தியா இளிப்பு?" என்றான்.

"இல்லீங்க. இந்தத் துணிய—"

அறைந்தான். அவள் தலை அலமாரியில் மோதி டின்கள் உருண்டன. கடைக்காரி கல்லாவைத் தாண்டி வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் அவளையும் தள்ளினான். அவள் போலீஸுக்கு போனை எடுத்தாள். இங்கேதான் கேளுங்கள், எனக்கு வயிறு எரிகிற இடம் இது. வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியது கண்மணி. போலீஸ் வந்தால் அவன் ஸ்டாம்பிங் போச்சு. அவன் விசா போனால் இவள் விசாவும் போச்சு. உதட்டில் ரத்தத்தோடு அந்தப் பையையும் அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

திரும்பும் வழியில் காரில் மறுபடியும் ஆரம்பித்தாள். "ஏனுங்க, அந்த எண்ணெ—"

"அந்தக் கடையப் பத்தி இனி வாயத் தொறந்தீன்னா பல்லு ஒண்ணும் இருக்காது."

திறக்கவில்லை. வேறு வழி பண்ணிக்கொண்டாள்.

எண்ணெய் துடைக்க அவன் கிழித்ததெல்லாம் ஊரிலிருந்து வந்த பழைய வேட்டிகள். நம் வீடுகளில் எதைத்தான் தூக்கிப் போடுகிறோம்? துடைத்த துணியைச் சுருட்டி, கடைக் கவர்களைச் சேர்த்து வைக்கும் பெரிய கவருக்குள் திணித்து கராஜ் ஆணியில் மாட்டுவான், நாளைக்கும் ஆகுமே என்று. அவன் குளிக்கப் போனதும் கண்மணி எல்லாவற்றையும் எடுத்துப் பின்வேலியில் விரிப்பாள். ஒருநாள் பார்த்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பான் என்று முதுகில் நாலு போட்டான். அதற்குப் பிறகு குப்பைத்தொட்டிக்குப் பின்னால், சிமென்டுத் தரையில் விரித்தாள். அந்த வீடு நின்றதே அவள் தயவில்தான். அது அவனுக்குத் தெரியாது.

இதெல்லாம் அவள் என்னிடம் சொன்னது ஒரு சனிக்கிழமை. காலையில் செருப்பில்லாமல் வந்து என் வாசலில் நின்றாள். டேபிளில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவனுக்கு காபி கொண்டுபோய்ப் பலகையில் ஒரு சொட்டு சிந்திவிட்டாளாம். பக்கத்தில் கிடந்த மரக்கட்டையால் மணிக்கட்டில் அடித்திருக்கிறான். கை கோணிக்கொண்டு நின்றது. நான் அவசரப் போலீஸுக்கு 911 போட்டேன். மணி அடிப்பதற்குள் நல்ல கையால் போனைப் பிடுங்கிவிட்டாள். டாக்டரிடம் பாத்ரூமில் வழுக்கியது என்றாள். கட்டுப் போட்டு என் வீட்டுக்குக் கூட்டிவந்தால், உட்காராமல் வாசலையே பார்க்கிறாள்.

"துணிய விரிச்சுப் போட்டுட்டு வந்தர்றனுங்க்கா" என்றாள்.

என்ன துணி என்று கேட்டபோதுதான் டிஹுவானா கதையைச் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"அந்த வாசல்ல நீ கால வச்சா நான் மனுஷியா இருக்க மாட்டேன். போன்ல சொல்லு."

போன் பண்ணினாள். "ஏனுங்க" என்பதற்குள் அவன் பேசிய பேச்சு எனக்கே கேட்டது. கட் பண்ணினான். மறுபடி அடித்தாள், எடுக்கவே இல்லை. சரி, எரிகிற வீட்டுக்குப் பக்கத்தில் நம் வீடும் இருக்கிறதே என்று நானே போனேன். கதவைத் திறந்தான்.

"வெள்ளியங்கிரி, உங்க கராஜ்ல இருக்கற துணி—"

"குடும்பத்தப் பிரிக்க வந்தீங்களா?" என்று கதவை அறைந்தான். கதவு நிலையில் வைத்திருந்த என் விரல் நசுங்கியது. இன்றைக்கும் அந்த நகம் கோணல்தான். அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பினேன்.

சாயங்காலம் ஏதோ வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர்கள் கராஜ் கதவின் இடுக்கெல்லாம் புகை. உள்ளே அவன் சோபாவில் தூங்கியிருக்கிறான். நாற்றம் அடித்து எழுந்து, டேபிளை இழுத்துவிடலாம் என்று வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்குப் போகும் கதவைத் திறந்திருக்கிறான். தீ முகத்தில் அடித்தது. அப்படியும் எரிகிற டேபிளின் காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருக்கிறான், மடையன். தெருக்காரர்கள் ஜன்னலை உடைத்து அவனை வெளியே இழுத்தார்கள். கை இரண்டும் வெந்து தோல் தொங்கியது. கண்மணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தீயணைப்பு அதிகாரி மறுநாளே சொல்லிவிட்டார், சுருட்டி வைத்த எண்ணெய்த் துணிதான் காரணம் என்று. கடைக்காரி எச்சரித்ததைக் கண்மணி அவரிடம் சொல்லியிருந்தாள். அன்றைக்கே அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். போகாதே என்றால் கேட்கவா போகிறாள்? அவனுக்கு முழங்கை வரை வெள்ளைக் கட்டு. புருவம் இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"தீப்புடிக்கும்னு உனக்குத் தெரியுமாமே. ஆபீசர் சொன்னாரு. தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"கடையில சொல்ல வாயெடுத்தனுங்க, அடிச்சீங்க. கார்ல சொல்ல வந்தனுங்க, பல்ல ஒடைப்பேன்னீங்க. அப்பறம் தெனமும் நானே விரிச்சுப் போட்டனுங்க. நேத்து விரிக்க எனக்குக் கை இல்லீங்க."

பழக்கம் போகுமா? அவன் கை ஓங்கினான். கட்டுப் போட்ட கை பாதியில் நின்றது. வலியில் முனகினான். எப்போதும் முகத்தை மூடிக்கொள்கிறவள் இந்த முறை மூடவில்லை. கண்கூட இமைக்கவில்லை.

நர்ஸ் உள்ளே வந்து, கட்டு மாற்றுவது எப்படி என்று வீட்டில் யாரிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

"அவருகிட்டயே சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கண்மணி என் பக்கம் திரும்பினாள். "போலாங்க்கா. போற வழியில போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்துங்க."