சூப்பர்சார்ஜரா, ஹெட் வேலையா

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நாலு மாதம் காரைக்குடியில் என் அளவுக்கு எஞ்சினைப் பற்றிப் பேசிய ஆள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. என் பெயின்ட் கடைக்கு டிஸ்டெம்பர் வாங்க வந்தவர்களைக்கூட விடவில்லை. பாவம், டப்பாவைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கார் என் மனைவியுடையது. சிங்கம்புணரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். இருபத்தைந்து வயது தாண்டிய பெட்ரோல் கார், வாங்கும்போதே பழசு. தினமும் தனியாக ஓட்டிக்கொண்டு போய்விட்டுத் தனியாக வருவாள். அந்த இரண்டு மணி நேரம்தான் தனக்கென்று இருப்பது என்று ஒருதரம் சொன்னாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்காக அவள் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒருநாள் கடை வேலையாக நானும் கூடப் போனேன். திருப்பத்தூர் தாண்டி, முன்னால் போன டேங்கர் லாரியை முந்தப் போனபோது எதிரே பஸ் வந்துவிட்டது. கார் இழுக்கவில்லை. பிரேக்கை மிதித்து, ஒடித்து, மறுபடியும் லாரிக்குப் பின்னாலேயே வந்து நுழைந்தாள். பஸ் எங்கள் வலப்பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை, மாதா புண்ணியம். சாயங்காலம் காரை இருபது கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டி வந்து, சாவியை ஆணியில் மாட்டினாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அதன்பின் இரண்டு பஸ் மாறிப் போக, இரண்டு பஸ் மாறி வர. பாதி நாள் நின்றுகொண்டே வருவாள். சாயங்காலம் கணுக்கால் வீங்கியிருக்கும். பதினெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவள் அந்தச் சாவி இருந்த பக்கமே பார்க்கவில்லை. எப்ப எடுக்கப் போற என்று கேட்டால், பார்க்கலாம் என்பாள். பயம் இப்படியே உறைந்துபோனால் இனி ஆயுசுக்கும் ஓட்ட மாட்டாள் என்று தோன்றியது.

குற்றம் வண்டியுடையது என்று நானே முடிவு கட்டினேன். வண்டிக்கு இழுவை இல்லை, அவளும் பயந்துவிட்டாள்: கேட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன். கோயம்புத்தூரில் இருக்கிற மச்சினனுக்குக் கார் என்றால் உயிர். அவன் உடனே சூப்பர்சார்ஜர் என்றான். எஞ்சின் பெல்ட்டிலேயே சுற்றி, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிற கருவி. அடி வேகத்திலேயே வண்டி பிய்த்துக்கொண்டு போகுமாம். அக்காவுக்காகத் தானே கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொன்னான்.

நாச்சியாபுரத்துக்காரரான எங்கள் மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பிஸ்டன், பழைய கேஸ்கெட். அழுத்தினால் சூடு தாங்காது என்றார். எஞ்சின் தானாக இழுக்கிற காற்றைத் தடையில்லாமல் இழுக்க விடுவோம், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி வால்வைச் சரிசெய்து, கார்புரேட்டரைப் பார்த்து, வேண்டுமானால் வால்வைத் திறந்து மூடும் கேம்ஷாப்டை மாற்றலாம் என்பது அவர் கட்சி. மச்சினன் போனில் அவரைக் கிழித்தான். அவர் இவனைக் கிழித்தார். நடுவில் நான், இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டு, ஏதோ நான்தான் ரேஸுக்குப் போகப் போகிறவன் மாதிரி.

கடைசியில் மெக்கானிக்குக்குச் சலித்துப்போய்விட்டது. “அண்ணே, வண்டி எந்த இடத்துல இழுக்காம நின்னுச்சுன்னு தெரியாம எதையும் மாட்ட முடியாது. அடி வேகத்துல இழுக்கலன்னா ஒரு வேலை, மேல் வேகத்துல இழுக்கலன்னா வேற வேலை. அது ஓட்டுனவுகளுக்குத்தான் தெரியும். டீச்சரக் கூட்டிட்டு வாங்க” என்றார். நாலு மாதத்தில், அன்றைக்கு என்ன நடந்தது என்று யாருமே அவளைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை வந்தாள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்கானிக் கேட்டார்.

“முந்தும்போது எந்தக் கியர்ல இருந்தீக டீச்சர்?”

“நாலு.”

“மூணுக்கு இறக்கலயா?”

“இல்ல. நான் முந்தவே நெனைக்கல.” எஞ்சினைப் பார்த்தபடியேதான் சொன்னாள். “லாரிக்குப் பின்னாடியே போவோம்னுதான் இருந்தேன். இவுக கதவத் தட்டிப் போ போன்னாக. ரோடு காலியாத்தான் இருக்கு போலன்னு வெலகிட்டேன்.”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கடை ஆரம்பித்த புதிதில் பெயின்ட் லோடு ஏற்றி வரும் லாரிகளில் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து வருவேன். வண்டி மெதுவானால் வெளிக்கதவைத் தட்டி, போ போ என்பேன். அந்தப் பாழாய்ப்போன பழக்கம். இடது சீட்டில் இருப்பவனுக்கு முன்னால் போகிற லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. எதிர் ரோடு என் கண்ணில் படவே இல்லை. தெரியாமல்தான் சொன்னேன். தெரிந்து சொல்கிறேன் என்று அவள் நம்பினாள்.

மெக்கானிக் பானெட்டை மெதுவாக மூடினார். “அப்ப சூப்பர்சார்ஜரும் வேணாம், கேமும் வேணாம். மூணாவது கியர்ல இது நல்லாவே இழுக்கும். ஹெட்ட மட்டும் எறக்கிச் சுத்தம் பண்ணித் தாரேன் டீச்சர்” என்றார். என்னை அவர் பார்க்கவில்லை. அந்த மரியாதைக்கு அவருக்கு நான் கடன்பட்டவன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, தப்பு என்னுடையதுதான் என்றேன். தெரியும் என்றாள். ஏன் ஒருவார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன், கேட்கக்கூடாத கேள்வியை.

“நீங்களாச் சொல்வீகன்னு பாத்தேன்” என்றாள்.

நாலு மாதம். அவள் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்வந்த நாளெல்லாம் நான் ஊர் பூராவும் அவள் பயந்தாங்கொள்ளி என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும், அவள் காதுபடவே மச்சினனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். சரி மச்சான் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். கடையிலும் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருக்கட்டுமே.

கார் திரும்பி வந்து ஒரு வாரம் அப்படியே நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், தானே சாவியை எடுத்தாள். நான் பின்சீட்டுக் கதவைத் திறந்தேன். முன்னாடியே உட்காருங்க என்றாள்.

குன்றக்குடி தாண்டியதும் முன்னால் தென்னை நார் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் பின்னாலேயே போனாள். ஒரு வளைவு, இரண்டு வளைவு. என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நேர் ரோடு வந்ததும் மூன்றாவது கியருக்கு இறக்கி வலது பக்கம் விலகினாள். என் ஜன்னலை ஒட்டி லாரிச் சக்கரம் ஓடியது.

“லாரி பின்னுக்குப் போயிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். லாரியின் இரண்டு விளக்கும் தெரிகிற வரை பார்த்தேன். அப்புறம்தான், தாண்டியாச்சு என்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல், நான் சொன்னதை நம்பி இடது பக்கம் வந்தாள்.