மஞ்சள் நடைவண்டி

எங்கள் நெல் கொள்முதல் நிலையத்து வாட்ச்மேனின் தோளைத் துண்டில்லாமல் நான் பார்த்ததில்லை. கறுப்பு சிவப்புக் கரை போட்ட கட்சித் துண்டு. அவருடைய ஒரே மகள் செங்கொடிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கூலித் தகராறில் எதிரெதிராக நின்றதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. தலைப்பிரசவத்துக்குக்கூட அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை.

பேரன் பிறந்த சேதி வந்ததும், மகள் நடை பழகிய பழைய நடைவண்டியை நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்சி ஆட்சிக்கு வந்த வருஷம் கறுப்பும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்தது. உடைந்த கண்ணாடியால் அதைச் சுரண்டி எடுத்து, மஞ்சள் பூசினார்.

"சார், இந்தக் கலர்ல எந்தக் கட்சிக் கொடியும் இல்லீங்களே?"

"இல்லைங்க."

காய்ந்ததும் திருவாரூர் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டி, கண்டக்டரிடம் சம்பந்தி வீட்டு அடையாளம் சொன்னார். தான் ஏறவில்லை.

"நீங்களும் போயிட்டு வாங்களேன். துண்டை மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க."

"வண்டின்னா சுரண்டிடலாங்க சார்" என்றார்.

பஸ் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மறைந்தது. அதன்பிறகு துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த வெறுந்தோளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.