பாபியிடம் நான் சொன்னது

என் மகனுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள, ஆம்பூர் ஷூ கம்பெனியில் பார்த்துவந்த தையல் வேலையை விட்டேன். வீட்டுக்காரர் காலையில் கம்பெனி பஸ் ஏறிவிட்டால் நானும் அவனும்தான். நாள் முழுக்க நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்வேன். என் குரலே எனக்குச் சலித்துப்போன வருஷம் அது.

கல்யாணம் காட்சிக்குப் போவதையும் நிறுத்தியிருந்தேன். கடைசியாகப் போன கல்யாணத்தில், பிரியாணிப் பந்தியில் நாத்தனார் இவன் கன்னத்தைக் கிள்ளி, "இன்னா லட்சணமா இருக்கான்! பாத்தா பேச்சு வராதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். பாராட்டத்தான் சொன்னார். இத்தனை அழகும் வீண் என்றுதான் என் காதில் விழுந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

எங்களுக்கு இருந்த ஒரே போக்கிடம் பக்கத்து வீட்டு பாபி; உருதுவில் பாபி என்றால் அண்ணி. என்னிடம் தமிழ் பேசுவார், வீட்டுக்குள் உருதுதான். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். மத்தியானம் ஆனால் கதவைத் திறந்து, "ஆஜா பேட்டா, ஆஜா" என்று கூப்பிடுவார்; வா மகனே, வா என்று அர்த்தம். இவன் செருப்புகூடப் போடாமல் ஓடுவான். அவர் மாவு பிசைந்துகொண்டே ஏதேதோ கதை சொல்ல, அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நாத்தனார் ஒருநாள் போனில், "ரெண்டு பாஷை கேட்டா குழந்தை குழம்பிப் போய்டும்" என்றார். கோயில் கோயிலாக அலைந்தவளுக்கு அதுவும் ஒரு மருந்தாகத் தோன்றியது. மறுநாளே பாபியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "உங்க பேச்சு காதுல விழுந்துதான் இவனுக்குப் பேச்சு வரலையாம் பாபி. இனிமே இவன்கிட்ட தமிழ்லயே பேசுங்க."

"சரிம்மா" என்றார். அதன்பிறகு அவனிடம் பேசுவதையே விட்டுவிட்டார். மத்தியானங்களில் அந்தக் கதவு திறக்கவில்லை. நாத்தனாரின் சொல்லுக்கு மூன்று நாள் பட்டினி கிடந்த எனக்கு, என் சொல் எங்கே போய்த் தைத்தது என்று உறைக்கவே பல நாள் ஆனது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். உறைத்த பிறகு, போய்க் கேட்க வெட்கம். ஒரு மாதம் போல மூன்று பேரும் இரண்டு வீட்டில் வாய்மூடிக் கிடந்தோம்.

ஒரு மத்தியானம் இவன் போய் பாபி வீட்டுக் கதவைத் தட்டினான். இழுத்துவரப் பின்னாலேயே ஓடினேன். மூடிய கதவைப் பார்த்து, தெளிவாக, "ஆஜா" என்றான்.

"அம்மா" என்ற சொல்லுக்காக நாலு வருஷம் காத்திருந்தவள் நான். சந்தோஷத்தோடு பொறாமையும் வந்தது, மறைக்க மாட்டேன்.

கதவு திறந்தது. பாபி அவனை வாரித் தூக்கிக்கொண்டார். ஏதோ சொல்ல வாய் திறந்தவர், நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பதில் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார்.