அரை சென்டிமீட்டர் பாதை

என் தங்கை கணவருக்கு நாங்கள் வைத்த பெயர் கோடு. முகத்துக்கு நேரே மாப்பிள்ளை, முதுகுக்குப் பின்னால் கோடு. நகராட்சி அலுவலகத்தின் சாலைப் பிரிவில் வரைபடம் போடுகிறவர். பதினேழு வருடம் அளவுகோலோடும் பென்சிலோடும் குடித்தனம் நடத்தி, மனுஷன் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டார். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மேஜைமேல் இருக்கிற டம்ளர்களை உயர வரிசையில் நிறுத்திவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். தான் போட்ட கோடு தப்பாக இருக்கலாம் என்று மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நான் சைக்கிள் கடைக்காரன். கோணிப்போன சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக முடுக்கி நேராக்குவதை எங்கள் தொழிலில் கோட்டம் எடுப்பது என்போம். இரண்டு பேருக்கும் நேராக்குகிற வேலைதான். என்ன, நான் நேராக்கினது ஓடும்.

போன வருடம் என் தங்கைக்கு ஊர் ஓரத்தில் புதிதாக வந்த ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரங்களை இயக்குகிற வேலை. கல்யாணத்துக்குப் பிறகு படித்து, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறி வாங்கின வேலை. காலை எட்டு மணிக்கு முதல் நோயாளி வந்து படுத்துவிடுவார். அதற்குள் இயந்திரங்களைக் கழுவித் தயார் செய்ய, ஏழு மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். மூன்று நாள் தாமதமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். முதல் பஸ் அந்தப் பக்கம் போய்ச் சேருவதே ஏழே காலுக்கு. ஆகவே மருத்துவமனையிலிருந்து நாலு கிலோமீட்டரில் வீடு பார்த்துக் குடிபோனார்கள். என் கடையிலிருந்து ஒரு சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மணி கட்டிக் கொடுத்தேன்.

புது இடம். வலது பக்கம் கிடங்குகள், இடது பக்கம் பாதி கட்டின வீடுகள், நடுவில் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாத தெருக்கள். ஒரு வாரம் முன்னாலேயே போய் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். மாப்பிள்ளை என்னைப் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தார். உள்ளே போய் ஒரு சுருளைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தார். படத்தில் வீட்டுத் தெருவிலிருந்து மருத்துவமனை வாசல்வரை ஒரே பச்சைக் கோடு. பாதுகாப்பான சைக்கிள் பாதை என்று கீழே எழுதியிருந்தது. எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. அவர் கை அப்படி.

“நானே போட்ட பாதை மச்சான். கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்” என்றார்.

அதில் அவர் ஒரு தடவையாவது சைக்கிளில் போயிருக்கிறாரா என்று கேட்டேன். ஓட்டிப் பார்ப்பது தன் வேலை இல்லை, வரைவதுதான் தன் வேலை என்று விளக்கினார். அவர் சைக்கிள் ஏறி இருபது வருடம் இருக்கும். என் தங்கை அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வேலையில் சேர்ந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, முன்சக்கரத்தை மட்டும் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் என் கடைக்கு வந்தாள். பள்ளத்தில் விழுந்துவிட்டது அண்ணா என்றாள். சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுற்றிவிட்டேன். பள்ளத்தில் விழுந்த சக்கரம் எப்படி நசுங்கும் என்று எனக்குத் தெரியாதா? விளிம்பு மேல்பக்கமாக அமுங்கும். இது பக்கவாட்டில் மடங்கியிருந்தது. ஏதோ ஒன்று குறுக்கே வந்து இழுத்திருக்கிறது. சக்கரத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். முழங்கையை முந்தானையால் மூடியிருந்தாள்.

பிறகு சொன்னாள். பச்சைக் கோடு பாதி தூரத்தில் ஆறு வரிசை லாரிச் சாலையில் போய் முட்டுகிறதாம். எதிரே தெருவே இல்லை. ஐம்பது மீட்டர் தள்ளித்தான் அடுத்த தெரு. அந்த ஐம்பது மீட்டரும் லாரிகளுக்கு நடுவே எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். முதல் வாரமே ஒரு லாரியின் பின்னால் தொங்கின சங்கிலி சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்து எறிந்ததில் ஓரத்து மணலில் விழுந்தாள். அன்றைக்கும் சக்கரத்தைக் காலால் மிதித்து ஓரளவு நிமிர்த்தி, ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று அதட்டினேன்.

“சொன்னா அவர் படத்த நிறுத்துவாரா, என் வேலைய நிறுத்துவாரா? நீயே சொல்லுண்ணா.”

நான் குறடை எடுத்துக் கம்பிகளை முடுக்க ஆரம்பித்தேன்.

இப்போது வேறு வழியில் போகிறேன், பயப்படாதே என்றாள். மருத்துவமனையில் தரை துடைக்கிற அம்மாவும் சைக்கிளில்தான் வருவாராம். விழுந்த மறுநாள் அவர் பின்னாலேயே போயிருக்கிறாள். கிடங்குக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டி ஓரம், பள்ளிக்கூடத்தின் பின்கதவு, லாரிச் சாலைக்கு அடியில் போகிற ஒரு குறுகின வழி. மொத்தம் பதினான்கு திருப்பம், பத்து நிமிடம் அதிகம். ஒரு லாரி கிடையாது. அந்த அம்மா வாழ்நாளில் ஒரு வரைபடத்தை விரித்துப் பார்த்தவர் இல்லை.

கோட்டம் எடுத்துச் சக்கரத்தைக் கொடுத்தேன். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மறுநாள் ஆறு மணிக்கே கடையிலிருந்து இரண்டு சைக்கிளோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். தங்கை மறைத்ததை எல்லாம் போட்டு உடைத்தேன். மாப்பிள்ளை படத்தை எடுக்கப் போனார். படம் வேண்டாம், சைக்கிளை எடுங்கள் என்றேன். என் குரலைக் கேட்டு அவரும் மறுபேச்சு பேசாமல் ஏறினார். இரண்டு முறை சாய்ந்து, ஒரு செடியை மோதி, ஒருவழியாகக் கோடு நேராக ஓடியது.

பச்சைப் பாதை முடிகிற இடத்தில் நகராட்சிப் பலகை ஒன்று நின்றது. அதில் அவர் போட்ட அதே படம், அதே எழுத்து. அம்புக்குறி நேரே லாரிச் சாலையைக் காட்டியது. நாங்கள் மூவரும் இறங்கி நின்றோம். லாரிகள் போன காற்றில் அவர் சட்டை படபடத்தது. பலகையைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், என் தங்கையின் முழங்கையைப் பார்த்தார்.

பலகையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். இந்தப் பகுதிக்கு இரண்டு தாள்களாம். ஒரு தாளில் வந்த தெரு அடுத்த தாளின் தெருவோடு சேரவில்லை. அன்றைக்கு மாலைக்குள் படம் அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு தெருவையும் ஆளுக்குக் கொஞ்சம் வளைத்து, சேர்த்துவிட்டார். பார்க்க அழகாக இருந்ததாம்.

“அரை சென்டிமீட்டர்தான் மச்சான்” என்றார்.

“அந்த அரை சென்டிமீட்டர்லதாங்க நான் விழுந்தேன்” என்றாள் தங்கை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நேரமாகிறதென்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தன் பதினான்கு திருப்பங்களை நோக்கிப் போனாள். நாங்கள் பின்னாலேயே மூச்சு வாங்க மிதித்தோம். ஆறு ஐம்பத்திரண்டுக்கு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே அவர் அலுவலகத்தில் திருத்தம் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி அதை வாங்கி, பலகை திறந்து நாலு மாதம்கூட ஆகவில்லை என்று சொல்லி, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். என் மாப்பிள்ளைக்கு அதற்குமேல் ஒன்றும் ஓடாது என்றுதான் நினைத்தேன். பதினேழு வருடமாக மேலதிகாரி பூட்டின இழுப்பறையைத் திரும்பிப் பார்க்காத ஆள் அவர். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து, சைக்கிள் சட்டத்துக்குப் பூசுகிற கறுப்புப் பெயிண்டும் ஒரு தூரிகையும் கேட்டார்.

திங்கட்கிழமை காலை தங்கை என்னைக் கூப்பிட்டு, பலகையை வந்து பார் என்றாள். போனேன். பச்சைக் கோட்டின் நடுவே அரை சென்டிமீட்டருக்குக் கறுப்பு அடித்திருந்தது. கீழே, ‘இங்கே பாதை இல்லை. பள்ளிக்கூடப் பின்வழியாகப் போகவும். படம் தவறு. போட்டவன் நான்’ என்று எழுதி, தன் பதவியையும் எழுதியிருந்தார். இதற்கு அலுவலகத்தில் என்ன கிடைக்கும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“எழுத்து கோணியிருக்கு பாத்தியாண்ணா” என்றாள் தங்கை.

பார்த்தேன். முதல் வரி மேலேயும் கடைசி வரி கீழேயும் போயிருந்தது. நின்ற இடம் லாரிச் சாலை ஓரம், லாரி போகிற காற்றில் தூரிகை இழுத்திருக்கும். மனுஷன் அதை நேராக்கவே இல்லை.